சபை சொன்னது ஒன்று, நான் வாக்களித்தது வேறொன்று: சினாடு மாநாட்டுப் பேராளராகப் போய்வந்தவனின் கேள்வி

பெங்களூர்ப் போதகர்

அனைவருக்கும் தோத்திரம்.

பெங்களூரில் ஒரு சிறிய தமிழ் லுத்தரன் சபைக்கு நான் போதகன். எங்களுக்குச் சொந்த ஆலயம் இல்லை. லிங்கராஜபுரத்துக்கு அருகில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி மண்டபத்தில், பெஞ்சுகளை நாங்களே இழுத்துப் போட்டு, ஞாயிறுதோறும் ஆராதனை நடத்துகிறோம். சபையாரில் ஏறக்குறைய பாதிப் பேர், 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்ட பிறகு கோலார் தங்கவயலிலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்தவர்கள். மற்றவர்கள் ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி வட்டாரக் குடும்பங்கள். எந்தத் திருச்சபை, எந்த ஊரில் மாநாடு என்பதை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். நிர்வாகத்தைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. என்னைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறேன்.

சென்ற மாதம் எங்கள் சினாடு, அதாவது திருச்சபைப் பேரவையின் மாநாடு மூன்று நாள் நடந்தது. எங்கள் விதிப்படி ஒவ்வொரு சபையிலிருந்தும் போதகர் ஒருவரும், சபையார் தேர்ந்தெடுக்கும் ஒருவரும் பேராளர்களாகப் போக வேண்டும். நிகழ்ச்சி நிரலில் இருந்த ஒரு தீர்மானம் எங்களை நேராகப் பாதித்தது. காணிக்கை வருமானத்தில் மைய நிதிக்கு அனுப்பும் பங்கை ஐந்தில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்றாக உயர்த்தி, கூடுதலாகக் கிடைக்கும் தொகையைக் கிராமச் சபைகளின் போதகர், உபதேசியார் (போதகர் இல்லாதபோது ஜெபம் நடத்தும் ஊழியர்) சம்பளத்துக்குக் கொடுப்பது என்பது அந்தத் தீர்மானம். ஒன்பது ஆண்டுகளாக மனை வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் எங்கள் சபைக்கு இது எவ்வளவு கசக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மாநாட்டுக்கு இரண்டு வாரம் முன்பே சபைக்கூட்டம் கூடி, எதிர்த்து வாக்களிக்க வேண்டும் என்று எழுதி, எங்கள் இருவரிடமும் ஆளுக்கொரு பிரதி கொடுத்தது.

முதல் நாள் பதிவு, அடையாள அட்டை, மாணவர் விடுதியில் கட்டில் ஒதுக்கீடு ஆகியவற்றிலேயே கழிந்தது. தீர்மானங்கள் அடங்கிய தடித்த கட்டு அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகுதான் கைக்கு வந்தது. விடுதியில் மின்சாரம் இருந்தவரை படித்தேன். மறுநாள் காலை வரவு செலவுக் கணக்கு, “வாசித்ததாகக் கொள்ளலாமா?” என்ற ஒரே கேள்வியில், ஒருவரும் பக்கத்தைப் புரட்டுவதற்குள் நிறைவேறியது. என் கையிலும் அதே கணக்குத்தான் இருந்தது. நானும் வாய் திறக்கவில்லை.

பிற்பகலில் பங்குத் தீர்மானம் வந்தது. நகரத்துப் போதகர்கள் நான்கு பேர் எதிர்த்துப் பேசினார்கள், நன்றாகவே பேசினார்கள். அதன்பின் ஒரு கிராமச் சபையின் பேராளராக வந்திருந்த, ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளரான ஒரு அம்மா மைக்குக்கு வந்தார். அவர் வாதம் எதுவும் செய்யவில்லை. கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, கடந்த ஆண்டில் தங்கள் ஊருக்குப் போதகர் வந்து இராப்போஜனம் (அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து) கொடுத்த தேதிகளை வாசித்தார். மொத்தம் ஆறு தேதிகள். ஏழு ஊர்களுக்கு ஒரே போதகர் என்றும், மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஜெபம் வாசிக்கிறார் என்றும், அவருக்கு ஐந்து மாதமாகச் சம்பளம் வரவில்லை என்றும் சொல்லிவிட்டு நோட்டை மூடினார்.

ஆதரிப்பவர்கள் கை உயர்த்தலாம் என்று தலைவர் அறிவித்தபோது நான் கை உயர்த்தினேன். பக்கத்தில் இருந்த எங்கள் சபைப் பேராளர் உயர்த்தவில்லை. ஒரே சபையின் இரண்டு வாக்குகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. தீர்மானம் பெரும்பான்மையோடு நிறைவேறியது. நான் மாற்றி வாக்களித்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது.

ஊருக்குத் திரும்பிய ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் நானே எழுந்து நடந்ததைச் சபையாருக்குச் சொன்னேன். பின்வரிசையிலிருந்த ஒரு பெரியவர், “ஐயா, நாங்கள் அனுப்பியது எங்கள் தீர்மானத்தையா, உங்கள் மனசாட்சியையா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பேராளர் என்பவர் சபையின் கடிதத்தைச் சுமந்து செல்லும் தூதரா, கேட்டு ஆராய்ந்து தீர்ப்புச் சொல்ல அனுப்பப்பட்டவரா? இதில் அனுபவமுள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

மரிக்குப்பம் பேரன்

போதகர் ஐயாவுக்குத் தோத்திரம். என் தாத்தா தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். சம்பள நாளில் காணிக்கைக் கவரைத் தனியே எடுத்து வைத்த பிறகுதான் மளிகைக் கடைக்குப் போவார். அப்படிச் சேர்ந்த பணத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை, சேர்த்தவர்களிடம்தான் இருக்க வேண்டும். கிராமச் சபைகளின் நிலை எனக்கும் வலிக்கிறது. ஆனால் சபை யோசித்து எழுதிக் கொடுத்த முடிவை, ஒரு பிற்பகல் நேர உருக்கத்தில் போதகர் மாற்றலாம் என்றால், சபைக்கூட்டம் எதற்காக? அடுத்த முறை ஒரு வெற்றுத் தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம்.

ஏடும் எழுத்தும்

ஐயா எழுப்பியிருக்கும் கேள்வி லுத்தரன் மரபுக்குப் புதியதன்று. போதகருக்குச் சரிசமமாகச் சபையார் ஒருவர் மாநாட்டில் உட்காரும் வழக்கம் அமெரிக்காவின் மிசூரி சினாடில் உறுதியாக வேரூன்றியதற்குப் பின்னே ஒரு கசப்பான கதை உண்டு.

1838ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மானியப் பகுதியான சாக்சனி நாட்டு லுத்தரன் குடும்பங்கள் மார்ட்டின் ஸ்டெஃபான் என்ற போதகரின் தலைமையில் ஐந்து கப்பல்களில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டன. அமாலியா என்ற கப்பல் கரை சேரவே இல்லை. பயணத்தின்போதே ஸ்டெஃபானைப் பேராயராக ஏற்றுக் கீழ்ப்படிவதாக மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். எல்லோரும் போட்ட பொதுநிதியும் அவருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தது. 1839 மே மாதத்தில் பணத்தைப் பற்றியும் நடத்தையைப் பற்றியும் குற்றச்சாட்டுகள் வெளிப்பட்டன. பதவி நீக்கி, மிசிசிப்பி ஆற்றைப் படகில் கடத்தி, அக்கரையில் கொண்டுபோய் விட்டார்கள். பேராயரே போய்விட்ட பிறகு நாம் திருச்சபைதானா என்ற கலக்கம் இரண்டு ஆண்டுகள் அந்த மக்களை வாட்டியது. 1841இல் ஆல்டன்பர்க் என்ற குடியேற்றத்தில் நடந்த விவாதத்தில் சி.எஃப்.டபிள்யூ. வால்தர் என்ற இளம் போதகர், வசனமும் திருவருட்சாதனமும் (ஞானஸ்நானம், இராப்போஜனம்) இருக்கும் இடத்தில் சபை இருக்கிறது, அதற்குப் பேராயர் இன்றியமையாதவர் அல்லர் என்று வாதிட்டு அவர்களை நிலைநிறுத்தினார். 1847இல் சிகாகோவில் சினாடு அமைந்தபோது அவரே முதல் தலைவர். சபைகள் தம்மைத் தாமே நடத்திக்கொள்ளும் காரியங்களில் சினாடு ஆலோசனை சொல்லலாம், ஆணையிடலாகாது என்பது அவர்களுடைய அமைப்பின் அடிப்படை. இன்றும் அவர்களுடைய மாநாட்டுக்கு ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் போதகர் ஒருவரும் சபையார் ஒருவரும்தான் போகிறார்கள்.

இது நமக்கு அயலார் கதையன்று. அந்த மிசூரி மிஷன் 1895இல் கிருஷ்ணகிரிக்கு வந்து, பின் ஆம்பூர், நாகர்கோவில் என்று பரவி, 1958இல் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக அமைந்தது. தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் ஊழியத்தின் வாரிசாக, ஜெர்மனியின் லீப்சிக் மிஷன் வழியில் 1919இல் அமைந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில் பேராயர் உண்டு. இரண்டிலும் சபையாரின் குரலுக்கு இடம் உண்டு, அளவுதான் வேறு. ஆகவே, தங்கள் பக்கத்தில் இருந்த பேராளரின் உயராத கையைத் தங்கள் வாக்கை அழித்த கையாகப் பார்க்க வேண்டாம். அந்தக் கை அங்கே இருப்பதற்காக ஒரு தலைமுறை பெரும் விலை கொடுத்திருக்கிறது.

மனசாட்சியைப் பொறுத்தவரை, நம் மரபைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தரே 1521இல் வோர்ம்ஸ் நகரில், தம் எழுத்துகளைத் திரும்பப் பெற மறுத்தபோது, அதன்மேல்தானே நின்றார்?

மரிக்குப்பம் பேரன்

வோர்ம்ஸில் அவர் நின்றது பேரரசனுக்கு முன்னால். கோவணத்தில் முடிந்த காசைக் காணிக்கைப் பெட்டியில் போட்ட சபையாருக்கு எதிராக அல்ல. இந்த ஒப்புமையை எந்தப் போதகரும் எளிதாகக் கையில் எடுக்கக் கூடாது என்பது என் தாழ்மையான கருத்து.

அல்சூர் வழக்கறிஞர்

நான் கிறிஸ்தவன் அல்லன். சங்கங்களின் துணைவிதிகளைப் படிப்பது என் தொழில் என்பதால் எழுதுகிறேன். முதலில் பார்க்க வேண்டியது ஐயாவுடைய மனசாட்சியை அன்று, வாக்கெடுப்பு நடந்த முறையை. கை உயர்த்தச் சொன்னால் பேராளரை அனுப்பியவர்கள் அவரைக் கண்காணிக்கலாம். மறைவாக்கு என்றால் அவருடைய முடிவுக்கு அவரே பொறுப்பு. நம் நாட்டிலேயே இந்த இரண்டும் உண்டு. மாநிலங்களவைத் தேர்தலில் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சட்டமன்ற உறுப்பினர் தம் வாக்கைக் கட்சி முகவரிடம் காட்ட வேண்டும். குடியரசுத் தலைவர் தேர்தலில் அது மறைவாக்கு. உங்கள் விதிநூலில் பேராளர் சபையின் அறிவுறுத்தலுக்குக் கட்டுப்பட்டவர் என்று எழுதியிருக்கிறதா? எழுதவில்லை என்றால் சபை கொடுத்த தாள் வேண்டுகோள்தானே தவிர, கட்டளை ஆகாது.

பெங்களூர்ப் போதகர்

எழுதவில்லை. மாநாட்டுக்குப் போகும் முன்பு நான் விதிநூலை அந்த நோக்கில் புரட்டிப் பார்க்கவும் இல்லை.

ஏடும் எழுத்தும் அண்ணன் அமெரிக்கா வரை போனதால், நான் சாக்சனியிலேயே இருந்த லைஸ்னிக் என்ற சிற்றூருக்குப் போகிறேன். அந்தக் கையை உயர்த்தும்போது என் மனத்தில் இருந்தது அந்த ஊர்தான். போதனையை நிதானிக்கவும் போதகரை அழைக்கவும் நீக்கவும் சபைக்கே அதிகாரம் உண்டு என்று லுத்தர் 1523இல் எழுதியது இந்த ஊராருக்காக. இதைச் சபை உரிமையின் சாசனமாக நாம் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறோம். அதே ஆண்டில் அதே ஊரார் பொதுப் பெட்டி ஒன்றை ஏற்படுத்த ஒழுங்குமுறை வகுத்தார்கள் என்பதையும், அதற்கும் லுத்தர் முன்னுரை எழுதினார் என்பதையும் ஏனோ நாம் சேர்த்துச் சொல்வதில்லை. போதகர் சம்பளம், பள்ளிக்கூடம், ஏழைகள், முதியோர் ஆகிய எல்லாச் செலவும் அந்தப் பெட்டியிலிருந்து நடக்க வேண்டும். பெட்டிக்கு நான்கு பூட்டுகள். ஒரு சாவி பிரபுக்களிடம், ஒன்று நகர மன்றத்திடம், ஒன்று நகரத்தாரிடம், ஒன்று சுற்றுக் கிராமத்து உழவரிடம். கிராமத்தான் சாவி கொண்டு வராவிட்டால் நகரத்தான் பெட்டியைத் திறக்க முடியாது.

நம்முடைய மாநாட்டில் கிராமத்தாரிடம் சாவி இல்லை, மன்றாட்டுத்தான் இருந்தது. அந்த அம்மா நோட்டை வாசித்தபோது எனக்குப் பட்டது அதுதான். லைஸ்னிக் பெட்டி கடைசியில் தடுமாறிப்போனது என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன். நகர மன்றம் தன் வசமிருந்த சொத்துகளை ஒப்படைக்க மறுத்துவிட்டது.

தண்டு விசுவாசி

நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன். 1947இல் பல சபைப் பிரிவுகளாக இருந்த நாங்கள் ஒரே திருச்சபையாக ஒன்றுகூடியபோது லுத்தரன்கள் வெளியே நின்றுகொண்டார்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லிக்காட்டுவதுண்டு. உள்ளே வந்திருந்தால் இந்தத் தலைவலியும் கூடவே கிடைத்திருக்கும் என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

உத்திரமேரூர் வாசகன்

பூட்டும் சாவியும் வந்ததால் ஒரு வார்த்தை. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்வது அனைவருக்கும் தெரியும். முப்பது குடும்புகளிலிருந்து (ஊர்ப் பிரிவுகளிலிருந்து) பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். வாரியம் என்ற ஊர்க் குழுவில் உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி நிற்கக் கூடாது என்று அதே கல்வெட்டு விலக்குகிறது. பங்கை உயர்த்தும் தீர்மானத்துக்குப் பிற்பகல் முழுவதும் விவாதம் நடந்தது; அந்தப் பங்கு எங்கே போனது என்று சொல்லும் கணக்கு ஒரு கேள்வியில் முடிந்தது. போதகர் ஐயா, தாங்கள் சபைக்குப் பதில் சொல்ல வேண்டியது பிற்பகலில் உயர்த்திய கைக்கு அல்ல, காலையில் உயர்த்தாத கைக்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் பேராளர்

இழையை என் மகள் காட்டினாள். ஐயா குறிப்பிடும் அந்தப் பக்கத்து இருக்கைக்காரன் நான்தான். ஐயாமேல் எனக்கு மரியாதை உண்டு. என் இரண்டு பிள்ளைகளுக்கும் திடப்படுத்தல் (பிள்ளைகள் விசுவாசத்தை அறிக்கையிட்டுச் சபையின் முழு அங்கத்தினராகும் சடங்கு) வகுப்பு எடுத்தவர். ஆனாலும் இங்கே ஒன்று விடுபட்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் இருந்தால் விவாதம் தவறான திசையில் போய்விடும்.

அந்த அம்மா பேசியது என்னையும் அசைத்தது. ஆகவே நேரடியாக எதிர்ப்பதை விட்டு, நான் ஒரு திருத்தம் கொடுத்தேன்: முதன்முறையாக ஆலயம் கட்டும் சபைகளுக்கு மட்டும் மூன்று ஆண்டு பழைய பங்கே தொடரட்டும், அதற்குப் பிறகு அவர்களும் நான்கில் ஒரு பங்கு கட்டட்டும் என்பதுதான் அது. தலைவர், “வழிமொழிகிறவர் உண்டா?” என்று கேட்டார். அரங்கத்தில் எங்கள் நிலை தெரிந்தவர் என் பக்கத்தில் இருந்த ஒரே ஒருவர். அவர் எழவில்லை. தலைவர் நிற்காமல் வாக்கெடுப்புக்குப் போய்விட்டார். திருத்தம் விவாதிக்கப்பட்டுத் தோற்றிருந்தால் எனக்கு வருத்தமில்லை. அது குறிப்பேட்டில்கூட ஏறவில்லை.

ஐயா எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. வீட்டில் என் மனைவி அவர் செய்ததே சரி என்கிறாள்.

மரிக்குப்பம் பேரன்

இது எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஐயா பேசியபோதும் இது வரவில்லை.

பெங்களூர்ப் போதகர்

அண்ணன் எழுதியது முழுவதும் உண்மை.

காரணத்தை எழுதிவிடுகிறேன். தயக்கத்தில் நேரம் போய்விட்டது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன், அது உண்மையன்று. ஆறு தேதிகளை வாசித்தவர் இன்னும் இருக்கைக்குத் திரும்பி உட்காரவில்லை. அந்த நேரத்தில் எழுந்து, எங்களுக்கு மட்டும் சலுகை வேண்டும் என்பதை வழிமொழிய எனக்கு வெட்கமாக இருந்தது. அரங்கத்தில் நல்ல போதகனாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையும் அந்த வெட்கத்தோடு கலந்திருந்தது என்பதை இப்போது பார்க்கிறேன். வாக்கு மாறியதைச் சபையாரிடம் சொல்ல எனக்குத் துணிவு இருந்தது, அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வழிமொழியாமல் உட்கார்ந்திருந்ததைச் சொல்லத்தான் துணிவில்லை.

அல்சூர் வழக்கறிஞர்

முன்பு எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். வழிமொழிவது என்பது ஆதரிப்பது அன்று. இது பேசப்படத் தகுந்தது என்று சொல்வது மட்டுமே. வழிமொழிந்துவிட்டு எதிர்த்து வாக்களிப்பதற்கு எந்த விதியும் தடையில்லை. வாக்கில் ஐயாவுக்குச் சுதந்திரம் உண்டு என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் சபையின் வழக்கு அரங்கத்தில் கேட்கப்படவே இல்லை என்றால், அந்த இடத்தில் பேராளர் என்ற வேலை நடக்கவில்லை.

நெசவாளர் மகள்

நான் கம்மனஹள்ளியில் இருக்கிறேன். பிறந்தது வாணியம்பாடிக்கு அப்பால் ஒரு கிராமம். அந்த நோட்டுப் புத்தகம் எங்கள் ஊருடையதாக இருக்கலாம், பக்கத்து ஊருடையதாகவும் இருக்கலாம். எங்களுக்கும் போதகர் அப்படித்தான் வருகிறார். என் அம்மா இராப்போஜனத்துக்காகப் பேருந்து பிடித்து ஆம்பூருக்குப் போய்வருகிறார்.

இந்த இழையில் எல்லோரும் அந்த அம்மாவின் பேச்சால் அசைந்ததாக எழுதுகிறீர்கள். அவரிடம் யாராவது போய்ப் பேசினீர்களா? சம்பளம் வராத ஐந்து மாதங்களும், பழைய பங்கு ஒழுங்காகக் கட்டப்பட்டுவந்த மாதங்கள்தானே? அந்தப் பணம் எங்கே நின்றது என்று கேட்காமல் பங்கை உயர்த்தினால், ஆறாவது மாதச் சம்பளம் வந்துவிடுமா? உத்திரமேரூர் வாசகன் ஐயா சொன்னதை நீங்கள் எல்லோரும் வேகமாகக் கடந்துவிட்டீர்கள். இன்னொன்று: பெண் பேராளர்கள் எத்தனை பேர் வந்திருந்தார்கள்? லுத்தரன் உலக சம்மேளனம் தன் கூட்டங்களில் பெண்கள் 40 விழுக்காடு, இளைஞர் 20 விழுக்காடு என்று 1984இல் புடாபெஸ்ட் மாநாட்டிலேயே தீர்மானித்தது. நோட்டு எழுதி வைக்கிறவர்கள் அரங்கத்தில் கூடுதலாக இருந்திருந்தால், காலையில் கணக்கு அவ்வளவு சுருக்கமாக முடிந்திருக்காது.

இரண்டாம் பேராளர்

தங்கச்சி, பெண்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. அந்த அம்மாவிடம் நான் பேசினேன். மறுநாள் காலை சிற்றுண்டி வரிசையில் எனக்கு முன்னால் நின்றார்கள். உபதேசியாருக்குச் சம்பளம் எங்கே தடைப்பட்டது என்று கேட்டேன். வட்டத்துக்குப் பணம் வந்து சேர்ந்ததாகவே தங்களுக்குத் தெரியவில்லை என்றார்கள். தொலைபேசி எண் வாங்கி வைத்திருக்கிறேன்.

பெங்களூர்ப் போதகர்

நான் பேசவில்லை. மூன்று நாளும் போதகர்கள் மேசையிலேயே சாப்பிட்டேன்.

அண்ணன், அந்த எண்ணை எனக்கும் தாருங்கள். வரும் ஞாயிறு சபைக்கூட்டத்தில் திருத்தத்தின் கதையை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களைச் சொல்ல வைக்க எனக்கு விருப்பமில்லை. அதன்பின் இரண்டு காரியங்களைச் சபை முன் வைக்க எண்ணுகிறேன். புதிய பங்கை இந்த மாதத்திலிருந்தே கட்டுவோம். எங்கள் விதியில் பங்கு கட்டாத சபைக்குப் பேராளர் இடமே கிடையாது, இடம் போனால் எதையும் கேட்க முடியாது. பணத்தோடு சேர்த்து, சென்ற ஆண்டு மைய நிதியிலிருந்து எந்த வட்டத்துக்கு எவ்வளவு போனது என்ற விவரம் கேட்டு ஒரு கடிதம் அனுப்புவோம்.

மரிக்குப்பம் பேரன்

பங்கு கட்டுவதை நான் எதிர்த்துப் பேசுவேன், ஐயா. கடிதத்தில் கையெழுத்துப் போடுவேன். திருத்தத்தையும் எழுத்தில் இணைத்து அனுப்ப வேண்டும் என்று கேட்பேன்.

இரண்டாம் பேராளர்

கடிதத்தை மகள் தட்டச்சு செய்துவிட்டாள், திருத்தமும் கீழே இருக்கிறது. பேராளர்கள் இருவரும் கையொப்பமிட வேண்டும். ஐயா, இன்று மாலை ஏழு மணிக்கு மேல் வீட்டில் இருப்பீர்களா? வேலை முடிந்து வரும் வழியில் கொண்டு வருகிறேன்.